ஆமை வீட்டுக்குள் புகுந்த மாடு

சித்திரையில் சிதம்பரத்துக்கும் புவனகிரிக்கும் நடுவே உளுந்து பிடுங்கின வயல்களில் ஆட்டுக்கிடை போட்டிருப்பார்கள். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து மந்தையை ஓட்டிக்கொண்டு நடந்தே வருகிறவர்கள். பகலெல்லாம் மேய்ச்சல், ராத்திரி வயலில் அடைப்பு. புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரம். ராத்திரிக்கு இவ்வளவு என்று வயல்காரர் பணமாகவோ நெல்லாகவோ கொடுப்பார். ஒருமுறை அப்படியொரு கிடையோரம் நின்றிருந்தேன். "இன்னும் நாலு ராத்திரி சேத்துப் போடுங்களேன்" என்று வயல்காரர் கேட்டார். கிடையின் தலைவரான கீதாரி பதில் சொல்வதற்கு முன் குனிந்து, வரப்போரத்துப் புல்லை இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். வேரோடு கையில் வந்தது. "இல்லீங்கய்யா, நாளைக்கே கிளம்பணும். இதுக்கு மேல விட்டா அடுத்த வருசம் இங்க வந்து என்னத்த மேய்க்கிறது?" என்றார். என் கண்ணுக்கு அந்த வரப்பில் இன்னும் பச்சை நிறையவே இருந்தது.

பொது நிலத்தில் மேய்ச்சலை எப்படி நடத்துவது என்ற கேள்விக்கு அவரிடம் இருந்த பதில் எளிது. புல் தளர்வதற்குள் இடத்தை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். சரி, கிளம்ப வழியில்லாத மந்தை என்ன செய்யும்? அதே நிலத்தில் சட்டப் பாதுகாப்பு பெற்ற ஒரு காட்டுயிரும் குடியிருந்தால்? அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் இந்தச் சிக்கலோடு 35 ஆண்டுகளுக்கு மேலாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். புதுச்சேரியின் ஊசுடு ஏரியிலும் அதற்கு வடக்கே கழுவெளி ஈரநிலத்திலும் மாடு மேயலாமா கூடாதா என்று நம் பக்கத்தில் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாலைவனம்தான் ஞாபகம் வருகிறது. அதனால் அங்கே நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் மழை. 2024 ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் சுமார் 46 செ.மீ. கொட்டியது. மொஹாவியில் இருக்கும் லாஸ் வேகஸ் நகருக்கு ஒரு வருடம் முழுக்கக் கிடைப்பது சுமார் 10 செ.மீ. நமக்கு ஒரு நாளில் பெய்தது அவர்களுக்கு நான்கு வருட மழை. அந்தப் பத்தும் ஒழுங்காக வருவதில்லை. ஒரு குளிர்காலம் நன்றாகப் பெய்தால் பங்குனி வாக்கில் தரையெங்கும் சின்னச் சின்னப் பூண்டுகள் முளைத்துப் பூக்கும், சில வாரங்களில் விதை உதிர்த்துக் காய்ந்துவிடும். அடுத்த வருடம் ஒன்றுமே முளைக்காமல் போகலாம். மாடு பிழைப்பதும் ஆமை பிழைப்பதும் இந்தச் சில வாரப் பச்சையை நம்பித்தான்.

நிலம் யாருடையது? பெரும்பகுதி அரசுடையது. நம் ஊர் மேய்க்கால் புறம்போக்கைப் பல்லாயிரம் மடங்கு பெரிதாக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அங்கே முதலில் ஓட்டி வந்தவன் மேய்த்துக்கொண்டான். நான் விட்டுவைத்தால் அடுத்தவன் மாடு தின்னப்போகிறது என்ற எண்ணத்தில் எல்லோரும் மந்தையைப் பெருக்கினார்கள். நிலம் மொட்டையானது. 1930களில் வறட்சியும் புழுதிப் புயலும் சேர்ந்து அடித்தபோதுதான் அரசு விழித்தது. 1934இல் டெய்லர் மேய்ச்சல் சட்டம் வந்தது. இனி உரிமச்சீட்டு இருந்தால்தான் மாட்டை இறக்கலாம். 1946இல் இதற்கென நில மேலாண்மைப் பணியகம் அமைந்தது. இன்று அதன் பொறுப்பில் சுமார் 24.5 கோடி ஏக்கர் இருக்கிறது. அதில் மேய்ச்சலுக்குத் திறந்திருப்பது சுமார் 15.5 கோடி. தமிழ்நாட்டைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு.

உரிமம் பத்து வருடத்துக்கு. பக்கத்தில் சொந்த நிலமோ நீர் உரிமையோ வைத்திருப்பவருக்கே அது கிடைக்கும். கணக்கு வைப்பது மாட்டு மாதத்தில். அதாவது ஒரு பசுவும் அதன் கன்றும் ஒரு மாதம் தின்னும் தீவனம் ஓர் அலகு. ஆடென்றால் ஐந்து ஆடு. கட்டணம் ஆண்டுதோறும் ஒரு சூத்திரப்படி மாறும், 1986 முதல் அதற்குக் கீழ்வரம்பு 1.35 டாலர். தனியார் நிலத்தில் மேய்த்தால் இதைப்போலப் பல மடங்கு கொடுக்க வேண்டும். அரசு தன் புல்லைச் சும்மா கொடுக்கிறது என்று ஒரு தரப்பும், வேலி, தண்ணீர்த் தொட்டி, பராமரிப்பு எல்லாம் எங்கள் செலவு என்று மறுதரப்பும் இன்றுவரை வாதாடுகிறார்கள்.

கட்டணத்தைவிட எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு. அந்த உரிமம் மாட்டை ஓர் எல்லைக்குள் கட்டிப்போடுகிறது. நம் கிடைக்காரர் புல்லை இழுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பினார். அங்கே கிளம்பினால் அடுத்த எல்லை இன்னொருவருடையது. போதாததற்கு எண்ணிக்கையைச் சராசரி வருடத்தை வைத்து நிர்ணயிப்பது வழக்கம். பாலைவனத்தில் சராசரி வருடம் என்று ஒன்று கிடையாது. பெய்த வருடத்தில் அந்த எண்ணிக்கை குறைவு, பொய்த்த வருடத்தில் அதுவே பேரழிவு. பொய்த்த வருடத்தில் பண்ணைக்காரர் மாட்டை உடனே விற்கவும் மாட்டார். எல்லோரும் விற்கும் நேரத்தில் விலை அடிமட்டத்தில் இருக்கும். நாளைக்கு மழை வரும் என்று ஒரு மாதம் தள்ளிப்போடுவார். அந்த ஒரு மாதத்தில்தான் நிலம் போகிறது. கோடையில் தீவனம் இல்லாமல் கறவை மாட்டை விற்க மனமில்லாமல் வைத்திருக்கும் யாருக்கும் இது புரியும்.

இப்போது ஆமை. நம் ஊர்ப் பழமொழி ஒன்று உண்டு: ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது. நெவாடா மாட்டுப் பண்ணைக்காரர்களின் மனக்குறை முழுவதையும் இந்த ஒரு வரியில் சொல்லிவிடலாம். 1989இல் மொஹாவி பாலைவன ஆமைக்கு அவசரப் பாதுகாப்பு கொடுத்தார்கள், 1990இல் அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாக முறைப்படி அறிவித்தார்கள், 1994இல் சுமார் 64 லட்சம் ஏக்கரை அதன் உயிர்நாடியான வாழிடமாக வரையறுத்தார்கள். அதிகாரிகளும் வழக்குகளும் பின்னாலேயே வந்தன. ஆனால் வீட்டுக்குள் புகுந்தது ஆமையா? அந்தத் தரையில் அதன் இனம் மாடு வருவதற்குப் பல்லாயிரம் ஆண்டு முன்பிருந்தே வளை தோண்டி வாழ்கிறது. பெரிய மேய்ச்சல் மந்தைகள் அண்மைய சில ஆயிரம் ஆண்டுகளில் இல்லாத நிலம் அது. அங்குள்ள பூண்டுகளுக்கும் மண்ணுக்கும் குளம்புப் பழக்கம் இல்லை.

இந்த ஆமையின் உடம்பு வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், சண்டையின் மூலம் அதில்தான் இருக்கிறது. வாழ்நாளில் 95 சதவீதம் வளைக்குள்தான். குளிரிலும் கொடுங்கோடையிலும் உள்ளே கிடக்கும், பூண்டு முளைக்கும் வசந்தத்தில் வெளியே வரும். முட்டையிடும் வயதுக்கு வர 13 முதல் 20 வருடம் ஆகும். குட்டியின் ஓடு முதல் சில வருடம் நகம்போல மெத்தென்று இருக்கும். குடித்த தண்ணீரைச் சிறுநீர்ப்பையில் மாதக்கணக்கில் சேமித்து வைக்கும். பயந்தால் அதைப் பீச்சிவிடும், அதனாலேயே கையில் தூக்காதே என்று அங்கே எல்லோருக்கும் சொல்லிவைக்கிறார்கள்.

அப்புறம் பொட்டாசியம். பாலைவனச் செடிகளில் இது அதிகம். ஆமைக்கு அந்த உப்பை வெளியேற்றத் தனிச் சுரப்பி கிடையாது. யூரேட் என்ற கழிவாக மாற்றிச் சிறுநீரோடுதான் தள்ள வேண்டும். அதற்கு நைட்ரஜன் வேண்டும், அதாவது புரதம். புரதமும் ஈரமும் நிறைந்த இளம்பூண்டைத் தின்றால் உப்பும் வெளியேறும், உடம்பும் தேறும். காய்ந்த புல்லை மட்டும் தின்றால் உப்பைத் தள்ள உடம்பிலிருக்கும் புரதத்தையும் தண்ணீரையும் செலவழிக்க வேண்டியிருக்கும். வயிறு நிறைய நிறைய உடம்பு இளைக்கும். வெளியிலிருந்து வந்து பரவிய புல்லை மட்டும் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் குட்டிகள் எடை இழந்தன. ஆகவே ஆமை பூண்டைத் தேடித் தேடித் தின்கிறது. அது தேடும் அதே பூண்டு மாட்டுக்கும் வசந்தத்தில் மிகப் பிடித்தது. மாடு பெரிய வாயால் ஒரு வாரத்தில் வழித்துவிட்டு மிச்சத்துக்குக் காய்ந்த புல்லுக்கும் புதருக்கும் போய்விடும். ஆமைக்கு அப்படிப் போக இடமில்லை.

தின்பது ஒரு பக்கம், மிதிப்பது இன்னொரு பக்கம். குளம்பு பட்டு வளை இடிகிறது, வளைக்கு நிழல் தரும் புதர் முறிகிறது. பாசியும் நுண்ணுயிரும் சேர்ந்து மண்ணின் மேலே கட்டும் மெல்லிய பொருக்கு, மழைநீரையும் மண்ணையும் பிடித்து வைப்பது, ஒரே மிதியில் நொறுங்கும். மறுபடி கட்டப் பல பத்தாண்டுகள். அதிகம் நொறுங்குவது தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி. வெயிலில் மாடு தண்ணீரை விட்டு வெகுதூரம் போகாது. ஆகவே பல நூறு ஏக்கருக்கு ஒரு மாடு என்று கணக்கில் இருந்தாலும், தொட்டியோரத்தில் அது சந்தைப்பேட்டை மாதிரிதான். அந்தத் தொட்டித் தண்ணீரைக் குடிக்க வரும் அண்டங்காக்கைகள் ஆமைக் குட்டிகளைக் கொத்தித் தின்கின்றன.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு அதிகாரிகள் என்ன செய்தார்கள்? சில இடங்களில் மாட்டை அடியோடு எடுத்துவிட்டார்கள். மற்ற இடங்களில் காலத்தைப் பிடித்தார்கள். கலிபோர்னியாப் பக்கத்து மொஹாவித் திட்டங்களில் ஒரு விதி எனக்கு மிகவும் பிடித்தது: மழைப்பூண்டு ஏக்கருக்கு 230 பவுண்டுக்குக் குறைவாக முளைத்த வருடத்தில் ஆமை வாழிடத்தில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை மாடு கூடாது. நல்ல வருடத்தில் இருவருக்கும் போதும், பஞ்ச வருடத்தில் ஆமைக்கு முதல் பந்தி. கிடைக்காரரின் இரண்டு விரல் இழுப்பை எண்ணாக எழுதி வைத்தது மாதிரி இருக்கிறது. வருடாவருடம் யாராவது நேரில் போய்ப் பூண்டை அறுத்து, காயவைத்து, எடை போட வேண்டும். ஆளும் பணமும் குறைந்தால் முதலில் நிற்பது இந்த வேலைதான். அது நின்றால் விதி வெறும் காகிதம்.

தொட்டியை மூடித் திறந்து மந்தையை நகர்த்துவது, உப்புக்கட்டியைத் தண்ணீருக்கு வெகுதூரத்தில் வைத்து மாட்டைப் பரவலாக்குவது, தின்னும் அளவுக்கு உச்சவரம்பு வைப்பது என்று வேறு வழிகளும் உண்டு. வேலியும் ஒரு வழி. மேற்கு மொஹாவியில் 1980 வாக்கில் ஆமைகளுக்கென ஓர் இடத்தைச் செம்மறி மந்தையும் வண்டிகளும் நுழையாதபடி வேலியிட்டார்கள். பின்னாளில் அளந்து பார்த்ததில் உள்ளே செடியும் அதிகம், ஆமையும் அதிகம்.

உரிமத்தையே விலைக்கு வாங்குவது மற்றொரு வழி. மொஹாவி தேசியக் காப்பகம் 1994இல் அமைந்த பிறகு அங்கிருந்த மேய்ச்சல் உரிமங்கள் பலவற்றைப் பணம் கொடுத்து முடித்தார்கள். கலிபோர்னியப் பாலைவனப் பகுதியில் உரிமையாளர் தானாக முன்வந்து விட்டுக்கொடுத்தால் அந்த மேய்ச்சலை நிரந்தரமாக மூடலாம் என்று நாடாளுமன்றமே பின்னர் வழி செய்தது. விரட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். பண்ணைக்காரர் கையில் எதையாவது வாங்கிக்கொண்டு கௌரவமாக வெளியேறுகிறார்.

வெளியேற மறுத்தவர் கிளைவன் பண்டி. நெவாடாவின் பங்கர்வில் பகுதியில் 1993 முதல் கட்டணம் கட்டுவதை நிறுத்தினார், மத்திய அரசுக்கு இந்த நிலத்தில் உரிமையே இல்லை என்றார். 1998இல் நீதிமன்றம் மாட்டை எடுக்கச் சொன்னது, 2013இல் மறுபடியும் சொன்னது. பாக்கியும் அபராதமும் சேர்ந்து பத்து லட்சம் டாலர் அளவுக்கு வளர்ந்தது. 2014 ஏப்ரலில் அதிகாரிகள் மாட்டைப் பிடிக்கத் தொடங்கியபோது துப்பாக்கியோடு கூட்டம் திரண்டது. ஏப்ரல் 12 அன்று, ரத்தம் சிந்துமோ என்ற நிலையில், பிடித்த மாடுகளைத் திறந்துவிட்டு அதிகாரிகள் திரும்பினார்கள். அவர் மீதான வழக்கு, அரசுத் தரப்பு ஆதாரங்களை மறைத்ததால் 2018இல் தள்ளுபடியானது.

பண்டி செய்தது தவறு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பொதுச்சொத்தில் மேய்த்துவிட்டு, பொது விதி எனக்கில்லை என்பது ஊரிலிருக்கும் ஒவ்வொரு சின்ன மேய்ப்பாளரையும் ஏய்ப்பது. ஆனால் அவருக்குப் பின்னால் கூட்டம் ஏன் சேர்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஆமைக்குப் பாதுகாப்பு வந்ததும் லாஸ் வேகஸில் வீடு கட்டும் வேலை தடைபட்டது. பிறகு ஓர் ஏற்பாடு செய்தார்கள்: மனை போடுகிறவர் ஏக்கருக்கு 550 டாலர் கட்டிவிட்டு ஆமையின் நிலத்தில் கட்டிக்கொள்ளலாம், அந்தப் பணத்தில் ஆமைக்கான வேலைகள் நடக்கும். அந்தப் பணத்தில் மேய்ச்சல் உரிமங்களையும் வாங்கினார்கள். இப்படி 1,45,000 ஏக்கர் வரை நகரத்துக்கு அனுமதி கிடைத்தது. மாடு மேய்ந்த இடத்தில் ஆமை திரும்ப வரலாம்; கான்கிரீட் போட்ட இடத்தில் வராது. நகரம் வளர்ந்தது, மேய்ப்பாளர் கிளம்பினார். அந்த ஆற்றாமையைப் பொய் என்று தள்ள முடியவில்லை. பைபாஸ் ரோட்டோரம் மந்தைவெளி மனைகளாக மாறுவதைப் பார்த்த நமக்கு அது அந்நியமும் இல்லை.

மாடு போன பிறகாவது ஆமை பெருகியதா? எதிர்பார்த்த அளவு இல்லை. சாலையில் அடிபடுகிறது, மூச்சுக்குழாய் நோய் வருகிறது, குப்பையாலும் மின்கம்பங்களாலும் பெருகிய அண்டங்காக்கை குட்டிகளைத் தின்கிறது, அயல்புல் நிலமெங்கும் காய்ந்து நின்று தீப்பிடிக்கிறது. 2005இல் ஈரமான ஒரு குளிர்காலத்துக்குப் பிறகு தெற்கு நெவாடாவில் லட்சக்கணக்கான ஏக்கர் எரிந்தது. 2024இல் கலிபோர்னிய மாநிலத்தின் வனவுயிர் ஆணையம் ஆமையை அச்சுறுத்தலுக்கு உள்ளான இனம் என்பதிலிருந்து அழியும் ஆபத்திலுள்ள இனம் என்ற பட்டியலுக்கு மாற்ற வாக்களித்தது. மேய்ச்சல் ஒரு காரணம்தான், ஆனால் கையில் பிடிக்கக்கூடிய காரணம். மாட்டுக்கு உரிமையாளர் உண்டு, அவருக்கு நோட்டீஸ் அனுப்பலாம். அண்டங்காக்கைக்கு அனுப்ப முடியாதே.

இந்தப் பாடத்தை அப்படியே தூக்கி வந்து நம் ஏரியில் வைத்தால் தப்பாகிவிடும். அதற்கு ராஜஸ்தானின் பரத்பூர் சாட்சி. அங்கே கேவலாதேவ் பறவைக் காப்பிடத்தில் 1982இல் மேய்ச்சலைத் தடை செய்தார்கள். எதிர்த்த ஊர்மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. அதன் பிறகு நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. எருமைகள் தின்று அடக்கி வைத்திருந்த நீர்ப்புல் கட்டுக்கடங்காமல் வளர்ந்து திறந்த நீர்ப்பரப்பை மூடியது, நீர்ப்பறவைகளுக்கு இடம் குறைந்தது. அங்கே பல வருடம் ஆய்வு செய்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், எருமை மேய்ச்சல் அந்த ஈரநிலத்துக்கு உதவியாகவே இருந்தது என்ற முடிவுக்கு வந்தது. மொஹாவியில் மாடு விருந்தாளி. பரத்பூரில் எருமை குடும்பத்து ஆள். நம் ஏரிகள் எந்தக் கணக்கில் சேரும் என்பதை ஒவ்வொரு ஏரியாகப் போய்த்தான் பார்க்க வேண்டும்.

ஊசுடு ஏரியைப் புதுச்சேரி அரசு 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. வடக்கே விழுப்புரம் மாவட்டத்தில் கழுவெளியைத் தமிழக அரசு 2021 டிசம்பரில் அறிவித்தது. இரண்டிலும் தண்ணீர் வற்றியதும் உள்வாயில் புல் முளைக்கும், சுற்றுவட்டார ஊர்களிலிருந்து மாடும் ஆடும் இறங்கும், தலைமுறைகளாக. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தேசியப் பூங்காவுக்குள் மேய்ச்சலைத் தடுக்கிறது. சரணாலயத்துக்கு அப்படியில்லை; பிரிவு 33 மேய்ச்சலை ஒழுங்குபடுத்தவும், கட்டுப்படுத்தவும், தேவையானால் தடுக்கவும் தலைமை வனவுயிர்க் காப்பாளருக்கு அதிகாரம் தருகிறது. ஒழுங்குபடுத்துவது என்ற சொல் முதலில் வருகிறது, நடைமுறையில் அதைத் தாண்டி நேராகத் தடைக்குப் போய்விடுகிறோம். 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகள் முழுவதிலும் மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. அதே மாதம் அதைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்று சுருக்கியது. மலைமாட்டுக்காரர்கள் அந்த இரண்டு வாரம் பட்ட பதற்றத்தை அப்போது செய்திகளில் பார்த்தோம். 2006 வன உரிமைச் சட்டம் நாடோடி மேய்ப்பாளர் உட்பட மேய்ச்சல் உரிமையைத் தெளிவாக ஒப்புக்கொண்டிருக்கிறது என்பது அந்தப் பேச்சில் அதிகம் அடிபடவில்லை.

நம் ஏரிகளுக்கு எழுத வேண்டிய விதி பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. எந்த மாதம், எந்தக் கரை, எத்தனை தலை. தரையில் முட்டையிடும் பறவைகள் எந்தத் திட்டில், எப்போது. வேலிக்காத்தான் என்னும் சீமைக்கருவேலங்காயைத் தின்ற ஆடு மாடு அதன் விதையைச் சாணத்தோடு ஏரிக்குள் கொண்டு சேர்க்காமல் காய் விழும் காலத்தில் எங்கே மேய்ப்பது. இந்த வேலிக்காத்தானும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து 1870களில் வந்ததுதான். மொஹாவிக்கு அயல்புல் என்ன செய்ததோ அதை நம் ஈரநிலங்களுக்கு இது செய்கிறது. இந்த விதியை எழுத உட்காரும்போது மாட்டுக்காரர்களும் அந்த மேசையில் இருக்க வேண்டும். முதல் வருடத்திலிருந்தே அளக்கவும் ஆரம்பிக்க வேண்டும், மேய்ந்த துண்டு ஒன்று, மேயாத துண்டு ஒன்று என்று வேலி போட்டு.

போன பங்குனியில் ஊசுடு உள்வாயில் மூன்று மாட்டை மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் பேசினேன். எந்தப் பக்கம் வேண்டுமானாலும் ஓட்டுவீர்களா என்று கேட்டேன். "அந்த மேட்டாண்ட இப்ப ஓட்ட மாட்டோம் தம்பி. ஆட்காட்டி முட்டை வச்சிருக்கும். மிதிச்சா பாவம். அது கத்துற கத்துல மாடும் மேயாது" என்றார். காட்டுங்கள் என்றேன். பத்தடி தள்ளி நிறுத்திவிட்டுக் கையை நீட்டினார். கூழாங்கற்களுக்கு நடுவே நான்கு முட்டை, அவர் சொல்லியிருக்காவிட்டால் நான் மிதித்திருப்பேன். தலைக்கு மேலே ஆட்காட்டி கத்திக்கொண்டே இருந்தது. அவர் கயிற்றைச் சுருக்கிப் பிடித்து, முன்னால் போன மாட்டை மறுகரைப் பக்கம் திருப்பினார்.